குப்பியைத் திறக்க ஒரு மேசை

துபாய் விமான நிலையத்தில் என் பெட்டியை மட்டும் தனியாக இழுத்து வைத்தார்கள். நைட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த குப்பி எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கிறது. வெள்ளை அங்கி போட்ட இளம் அதிகாரி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மூடிமேல் வழிந்து இறுகியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினார். என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வைன். நானே போட்டது. கிறிஸ்மஸுக்கு."

"இது மே மாதம்" என்றார்.

"கிறிஸ்மஸுக்கு என் கணவர் வீட்டுக்கு வரவில்லை" என்றேன். வேறு என்ன சொல்வது? முஸ்லிமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இல்லை என்றதும் குப்பியைத் திரும்ப நைட்டிக்குள்ளேயே சுற்றி வைத்தார். என் தம்பிகூட அவ்வளவு பதமாகச் சுற்றியிருக்க மாட்டான்.

நான் தூத்துக்குடியில் பள்ளிக்கூட வாத்திச்சி. சரித்திரம் நடத்துகிறேன். அத்தானுக்கு ருவைஸில் வேலை. அபுதாபியையும் தாண்டி, சவூதி எல்லைப் பக்கம், எண்ணெய் ஆலையும் அதில் வேலை பார்க்கிறவர்களும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். சாரம் கட்டுகிற ஆட்களுக்கு அவர் ஃபோர்மேன். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. குளிர்காலத்தில்தான் ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள் என்பதால் ஒரு கிறிஸ்மஸுக்கும் லீவு கிடையாது.

இந்த முறை கான்ட்ராக்ட் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாரா, ஊருக்கு வருகிறாரா என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீஸில் சொல்லியாக வேண்டும். போனில் கேட்டால் "பாப்போம்" என்பார். பதினைந்து வருஷமாக அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கோடை விடுமுறை விட்டதும் பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நேரில் உட்கார வைத்துக் கேட்பது என்று கிளம்பிவிட்டேன்.

உட்கார வைப்பதுதான் பாடு. அந்த மனிதர் சாப்பாட்டில் உட்கார மாட்டார். நான் ரசத்துக்கு வருவதற்குள் கைகழுவித் துண்டில் துடைத்துக்கொண்டிருப்பார். மெஸ்ஸில் ஷிஃப்டு மாறுவதற்குள் தின்று எழும்பும் பழக்கம் என்று நினைத்திருந்தேன். கல்யாணமான புதிதில், அவர் ஊரில் இருந்த காலத்தில், கிறிஸ்மஸ் மத்தியானம் மட்டும் விதிவிலக்கு. நான் போட்ட வைனைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக்கொண்டு மாமாவோடும் கொழுந்தனோடும் நாலு மணிவரை எழும்ப மாட்டார். வைன் இருந்தால் உட்காருவார், உட்கார்ந்தால் பேசுவார். என் கணக்கு இவ்வளவுதான்.

அதனால் டிசம்பரில் போட்டதில் ஒரு குப்பி எடுத்து வைத்திருந்தேன். பன்னீர் திராட்சை, கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு வாய் ருசி பார்த்தால் லேசாகக் காடி அடித்தது. ரெண்டு கரண்டி சர்க்கரையை அள்ளிப் போட்டு, கார்க்கை அடித்து இறக்கி, சணல் கட்டி, மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். வீட்டில் ஜாடியின் வாய்க்கு வெறும் துணிதான் கட்டுவோம். துணியைக் கட்டி விமானத்தில் ஏற்ற முடியுமா? பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

தங்கியது துபாயின் கராமாவில், அத்தானின் சித்தப்பா மகள் ஜெபா வீட்டில். கீழே மலையாளி கடை, எதிரே ஆந்திரா மெஸ், மாடிப்படி முழுக்க மீன் வறுக்கும் வாசனை. கடலைத் தாண்டினோம் என்ற நினைப்பே வரவில்லை. ஜெபா கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டவள். நகை கிடையாது, சினிமா கிடையாது. பெட்டியைப் பிரிக்க உதவிக்கு வந்தவள் குப்பியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"மைனி, இது என்னது?"

"திராட்ச ரசம், ஜெபா."

"புளிச்சதா, புளிக்காததா?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கானா ஊரு கல்யாணத்துல ஏசு தண்ணிய மாத்திக் குடுத்தாரே, அது என்னதாம்?" என்று கேட்டேன்.

"அது புளிக்காதது மைனி. எங்க பாஸ்டர் தெளிவாச் சொல்லிருக்காவ."

ரெண்டாயிரம் வருஷமாகத் தீராத வழக்கை ஒரு குளிரூட்டிய படுக்கையறையில் நாங்கள் தீர்க்கவா போகிறோம்? கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். வீட்டுக்குள் திறக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைக்கவும் கூடாது, அதில் சபைக்குக் கொண்டுபோகும் கேக் இருக்கிறது. பால்கனியில் இருக்கலாம். பால்கனியில் ஏசிப் பெட்டி இரவும் பகலும் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. குப்பியை அதன் பக்கத்தில் நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை அத்தான் வந்தார். மெலிந்திருந்தார். நெற்றியில் ஹெல்மெட் பட்டையின் தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. வந்த வேகத்தில் "வா, வெளிய போவோம்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மத்தியானம் ஒரு தமிழ்க் கடையில் சாப்பாடு. வெள்ளிக்கிழமை என்றால் துபாயில் உள்ள பேச்சிலர் மொத்தமும் அங்கேதான் இருக்கும்போல. நம் கல்யாணப் பந்தியில் இலைக்குப் பின்னால் நிற்பார்களே, அதேபோல் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர். எனக்குப் பின்னால் நின்ற பையன் என் அப்பளத்தைப் பார்த்தபடியே நின்றான். அத்தான் குழம்பு, ரசம், மோர் என்று மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிட்டு இலையை மடக்கினார்.

"எழும்பு, ஆள் நிக்கி."

"நான் இன்னும் குழம்பத் தாண்டல."

"பார்சல் வாங்கிக்கிடுவோம்."

"ஞாயித்துக்கெழம என்ன சொல்லப் போறீங்க?"

"பாப்போம்" என்றபடி கைகழுவப் போய்விட்டார். என் பின்னால் நின்ற பையன் முந்திக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனுக்கு விரித்த புது இலையில் என் அப்பளத்தை வைத்துவிட்டு எழுந்தேன்.

அப்புறம் நடை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். தூத்துக்குடி உப்பள வெயிலில் வளர்ந்தவளுக்கே மூச்சு முட்டியது. ரோடு நெடுக மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஒவ்வொரு தூணிலும் சாரம் எப்படிக் கட்டியிருக்கிறது என்று நின்று பார்த்தார். பெரிய கட்டடங்களைக் காட்டிப் பெயர் சொன்னார், ஒன்றுக்குள்ளும் அவர் போனதில்லை. பஸ்ஸில் ஏறினால் பாதியில் இறங்கி, "இதுல போனா சுத்தும்" என்று வேறு பஸ் பிடித்தார். அது அதைவிடச் சுற்றியது. க்ரீக் என்கிற உப்பங்கழிக் கரையில் மட்டும் கொஞ்சம் நின்றார். மரத்தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஃப்ரிட்ஜும் டயரும் வெங்காய மூட்டையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "நம்ம பழைய துறைமுகம் மாரியே இல்ல?" என்றேன். "ஆமா" என்றார். சரி, ஊர் நினைப்பு வந்துவிட்டது, இப்போது கேட்போம் என்று வாயைத் திறப்பதற்குள் அக்கரைப் படகுக்கு நடந்துவிட்டார்.

சாயங்காலம் நான் பிடிவாதமாக ஒரு ஹோட்டலுக்கு இழுத்துப் போனேன். பர் துபாயில் நடுத்தரமான நட்சத்திர ஹோட்டல். கராமா கடைகளில் குடிக்க அனுமதியே கிடையாது. இந்த மாதிரி ஹோட்டல்களில்தான் லைசென்ஸ் உண்டு, சிலவற்றில் நம் குப்பியையே கொண்டுபோனால் திறந்துவிடுவதற்குத் தனிக் காசு வாங்கிக்கொண்டு அனுமதிப்பார்கள் என்று விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வெள்ளை மேசைவிரிப்பு, மெழுகுவர்த்தி, நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஆளும் இல்லை. இதுதான் என் இடம் என்று மனசு குதித்தது. பையிலிருந்து குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

பரிமாற வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். என் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. குப்பியைப் பார்த்ததும் வாடியது.

"அக்கா, இதில லேபல் ஒண்டும் இல்லையே?"

"வீட்ல போட்டது தம்பி. நல்லாருக்கும். நீங்களும் ஒரு வாய் பாருங்க."

"ஐயோ அக்கா, கடையில வாங்கின போத்தல் எண்டா, சீல் உடைக்காம இருந்தா, நான் மனேஜரிட்டக் கேட்டுத் திறந்து தருவன். வீட்டுப் போத்தல உள்ள விட்டா என்ர வேலை போயிடும். குறை நினைக்காதேங்கோ." குரலைத் தாழ்த்தி, "எங்கட அம்மாவும் நத்தாருக்குப் போடுறவா" என்றார், கிறிஸ்மஸைத்தான் அப்படிச் சொல்கிறார். மெனுவைக் கொடுத்து, கிளாஸ் கணக்கில் ஹோட்டல் வைன் இருக்கிறது என்றார். அத்தான் விலையைப் பார்த்துவிட்டு மெனுவை மூடினார். வாசலுக்கு வந்ததும் அத்தான் சிரித்தார் பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு? ஒங்களுக்குத்தான் தூக்கிட்டு வந்தேன்."

"தெரியும் ஏட்டி. அதான் சிரிக்கேன்."

அதற்குப் பிறகு அவருக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. பார்க்கில் திறப்போமா என்றேன். பொது இடத்தில் திறந்தால் உள்ளே வைத்துவிடுவான் என்றார். போன் மேல் போன் போட்டு வழி கண்டுபிடித்தார். துபாய்க்கு வடக்கே அஜ்மானில் நம் ஊர்ப்பக்கத்து ஆறுமுகநேரிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார், நாளை மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு, அங்கே யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரவில்லை. குப்பி இருக்கும், ஆறுமுகநேரிக்காரரும் இருப்பாரே, நான் எப்படிக் கேட்பது?

சனிக்கிழமை டாக்ஸி. ஓட்டுநர் பெஷாவர்ப் பக்கத்துப் பட்டான். நரைத்த தாடி, கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை, ரேடியோவில் ஓதல். அத்தான் அவரோடு இந்தியில் பேசத் தொடங்கினார். எனக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. என் கணவர் இவ்வளவு சரளமாக, கையை ஆட்டி, சிரித்துச் சிரித்து ஒரு பாஷை பேசுவார் என்றும் எனக்குத் தெரியாது. பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை யாரோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

துபாயைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் இரும்பு. "இது என்ன ஊரு?" என்று கேட்டேன்.

"ஷார்ஜா" என்றவர் பேச்சை நிறுத்தினார். என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். "ஏட்டி, ஷார்ஜால சாராயமே கூடாது. ஹோட்டல்லகூடக் கெடையாது. கையில வச்சிருந்தாலே பிடிப்பான். மறந்துட்டேன்."

துபாயைத் தாண்டி அந்தப் பக்கம் போகாத மனிதர். அஜ்மானுக்குப் போகும் வழியில் ஷார்ஜா இருக்கிறது என்பது அவர் மூளைக்கு எட்டவே இல்லை. நான் பையை மெதுவாகத் தரையில் இறக்கினேன். இறக்கும்போது மடியில் கொதித்துக்கொண்டிருந்த குப்பி லேசாகக் குலுங்கியது.

டம் என்று ஒரு சத்தம். கார்க் பையைக் கிழித்துக்கொண்டு கூரையில் அடித்து ஓட்டுநரின் தோளில் விழுந்தது. நுரை பொங்கி என் சேலை, அத்தானின் புதுச் சட்டை, சீட்டு, கண்ணாடி எல்லாம் சிவப்பு. ரெண்டு கரண்டி சர்க்கரையும் பால்கனி அனலும் சேர்ந்து செய்த வேலை. வண்டி முழுக்கக் கிறிஸ்மஸ் வாசனை. பட்டான் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் அவர் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை, பிறகு மூக்கு சொல்லிவிட்டது. ரேடியோவை அணைத்தார். அடுத்த வரிசையில், ரெண்டு வண்டி தள்ளி, ஒரு போலீஸ் வண்டி நின்றது.

அவர் பேசியதை அத்தான் எனக்குச் சொன்னார். "வேலை போயிரும்னு சொல்லுதார். ஊர்ல ஆறு பிள்ளைங்களாம். நாப்பது வருஷமா தொட்டதில்லையாம், இப்ப இந்த வாசனையோட பிடிச்சா யாரு நம்புவான்னு கேக்கார்."

என் வீட்டு விவகாரத்துக்கு இந்த மனிதரின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்றுதான் தோன்றியது. அத்தான் ஒரு நொடி தாமதிக்கவில்லை. சட்டையைக் கழற்றிச் சீட்டைத் துடைத்தார். ஓட்டுநரின் தோளைப் பிடித்து, நிதானமாக, அண்ணன் தம்பியிடம் பேசுகிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டான் டேஷ்போர்டைத் திறந்து அத்தர் குப்பியை எடுத்து வண்டி முழுக்கத் தெளித்தார். திராட்சையும் ரோஜாவும் கலந்து அப்படி ஒரு நாற்றம். போலீஸ் வண்டி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்து, முதலில் கிடைத்த திருப்பத்தில் இறங்கி, ஒரு காலி மனையின் மணலில் மிச்சத்தைக் கொட்டிக் குப்பியைப் புதைத்தோம்.

"கலாஸ்", முடிந்தது என்றார் பட்டான். அஜ்மான் வேண்டாம், துபாய்க்குத் திரும்பலாம் என்றார். அத்தான் ஆறுமுகநேரிக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். எல்லையைத் தாண்டியதும் அவருக்கு மூச்சு வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒருத்தர் பனியனோடு, ஒருத்தி சிவப்பு பூசிய சேலையோடு. என்ன தோன்றியதோ, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வண்டி டிக்கியிலிருந்து தன் நீளச் சட்டை ஒன்றை எடுத்து அத்தானுக்குக் கொடுத்தார், அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. சீட்டைக் கழுவ வேண்டும், பசிக்கவும் செய்கிறது, நீங்களும் வாருங்கள் என்று தன் ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே குடும்பத்தோடு வந்தவர்களுக்குத் திரை போட்ட சின்ன அறை. மேசையே கிடையாது. தரையில் விரிப்பு, சாய்ந்துகொள்ளத் திண்டு. நடுவில் ஒரே ஒரு பெரிய தட்டு. நெய்ச்சோறு, மேலே முழுத் துண்டாக ஆட்டுக்கறி. வைத்துவிட்டுத் திரையை இழுத்து மூடிவிட்டார்கள். பரிமாற ஒன்றும் இல்லை. நான் கரண்டியைத் தேடினேன். கரண்டி இல்லை. வேறு வழியின்றி உட்கார்ந்து அதே தட்டில் கைவைத்தேன்.

அத்தான் ரெண்டு வாய் தின்றுவிட்டு நிறுத்தினார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடுதத இப்பதான் பாக்கேன்."

"போங்க."

"மெய்யாத்தான். நம்ம வீட்டுல நீ நின்னுக்கிட்டேதான இருப்ப? கரண்டியும் கையுமா. லீவுல வந்தா பிள்ளைகளும் நிக்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆபீசர் மாரி நான் மட்டும் உக்காந்து திங்கணும். எப்படா முடிச்சிட்டு எழும்புவோம்னு இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. புருஷன் சாப்பிட்ட பிறகு உண்பதுதான் முறை என்று பழகிய கை. மெஸ்ஸையும் ஷிஃப்டையும் நான் எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்.

எலும்பிலிருந்து கறியைப் பிய்த்து என் பக்கம் ஒதுக்கினார். "நீ கேக்கத்தான வந்த? கேக்க வேண்டாம். நான் கேக்கேன். வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லு ஸ்டெல்லா. நாளைக்குக் கையெழுத்துப் போடல, வந்துருதேன். ஆனா மெய்யாச் சொல்லணும்."

வாயைத் திறந்தேன். கையிலெடுத்த கறியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தானே கடல் தாண்டி வந்திருக்கிறேன்? ஆனால் கண்முன்னால் வந்தது வேறு. விடியற்காலை யாரும் எழாத வீட்டில் நான் குடிக்கிற காப்பி. யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாட்டுப் பயிற்சிக்குப் போகிற சாயங்காலம். கட்டிலில் அவர் பக்கத்தில் நான் அடுக்கி வைத்திருக்கும் விடைத்தாள்கள். இனி ஒரு மனிதர் காலையிலிருந்து அங்கே இருப்பார். எங்கே போகிறாய் என்று கேட்பார். எப்போது வருவாய் என்று கேட்பார். அவரில்லாமல் இருக்க நான் இவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறேன் என்று அந்தத் தட்டின் முன்னால்தான் தெரிந்தது. என்மேலேயே எனக்குத் திகிலாக இருந்தது.

"வாங்க அத்தான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். மிச்சக் கறியையும் பிய்த்து என் பக்கம் வைத்தார். வெளியே பட்டான் திரையைத் தட்டி, "யல்லா பாய்", கிளம்பலாம் என்றார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அந்த நீளச் சட்டையோடே ஏறினார். ஜன்னல் சீட்டு கிடைத்தது. நான் கையாட்டினேன், அவரும் ஆட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் சட்டையைப் பார்த்துக் கேலி செய்வது கேட்டது.

ஞாயிறு காலை எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஜெபாவின் ஃப்ரிட்ஜைத் துடைத்தேன், பால்கனியைக் கழுவினேன். பத்து மணிக்கு மேல் போன் வந்தது.

"மூணு வருஷம் கேட்டான். ஒரு வருஷம்னு எழுதிட்டேன்."

"ஏன் அத்தான்? நான்தான் வாங்கன்னு சொன்னேன்லா?"

"சொன்ன. கொஞ்சம் யோசிச்சிச் சொன்ன." பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். "தப்பில்ல ஏட்டி. எனக்கும் அங்க வந்து இருக்கப் பயமாத்தான் இருக்கு. ஒரு வருஷம் எடுத்துக்கிடுவோம். எனக்கும் பழகணும், ஒனக்கும் பழகணும்லா?"

டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிட்டார். ஜெபா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மைனி, அண்ணன் வாறாவளா?" என்று கேட்டாள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அது நிம்மதிதான் என்று தெரிந்த பிறகுதான் அழுதேன்.